ஏழு விதைகளின் வம்சம்

காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையின் முன்னால் வந்ததும், வாங்க வேண்டியது ஒன்றும் இல்லாதவர்கூட அந்த மணத்தை உத்தேசித்து நடையைச் சற்றுத் தளர்த்துவதை நம் ஊர்க் கடைத்தெருக்களில் நாள்தோறும் பார்க்கலாம். உள்ளே, "கால் கிலோ கொடுங்க, பீபெரியும் பிளான்டேஷன் ஏ-யும் பாதிப் பாதி, சிக்கரி இருபது போதும்" என்று பழகிய குரலில் ஒருவர் சொல்ல, கடைக்காரர் மறுபேச்சில்லாமல் நிறுத்து இயந்திரத்தில் கொட்டுகிறார். இவ்வளவு தீர்மானமாகப் பெயர் சொல்லி வாங்கப்படும் இந்த இரண்டு சரக்கும் ஒரே மரத்தின் ஒரே கிளையில் காய்க்கக் கூடியவை என்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரிந்திராது. காப்பிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு விதைகள், தட்டையான முகங்கள் ஒன்றோடொன்று பொருந்தியபடி ஒட்டிக்கொண்டிருக்கும். சில பழங்களில் ஒரு விதை உருப்பெறாமல் போய்விட, மற்றொன்று கிடைத்த இடம் முழுவதையும் தானே நிரப்பிக்கொண்டு உருண்டையாகத் திரளும். அந்த உருண்டைதான் பீபெரி.

கொட்டையின் பெயரில் இத்தனை அக்கறை காட்டும் நாம், அந்த மரத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்துப் பார்ப்பதில்லை. விசாரித்தால், ராஜவம்சங்களின் சரித்திரத்துக்குச் சற்றும் குறையாத ஒரு வம்ச விருத்தாந்தம் நம் முன் விரிகிறது. பிரேசிலின் செம்மண் மேடுகளிலும், ஜமெய்க்காவின் நீலமலையிலும், ஜாவாவிலும், குடகிலும், நமது சேர்வராயன் மலையில் சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் தொடங்கிவைத்த தோட்டங்களிலும், கோடிக்கணக்கில் வளர்ந்து நின்ற அராபிகா மரங்கள் அநேகமாக யாவும், ஏமன் தேசத்திலிருந்து பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வெளியேறிய, விரல்விட்டு எண்ணிவிடத்தக்க சில செடிகளின் சந்ததி. ஒரு மடிக்குள்ளும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அடங்கிய மூலதனத்திலிருந்து உலகத்தின் இரண்டு கோளார்த்தங்களையும் நிரப்பிய இந்தக் கதையில் பக்தரும் வியாபாரியும் சேனைத் தலைவரும் வருகிறார்கள். அதன் நடுப்பகுதியில், எவரும் எதிர்பாராத வண்ணம், புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கால்நடையாகப் போன நம்மவர்களும் வருகிறார்கள்.

இந்த மரத்துக்கு 1753-இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி 'அரேபியக் காப்பி' என்று பொருள்படும் நாமகரணத்தைச் செய்தார். உண்மையில் அரேபியா அதன் பிறந்தகம் ஆகாது. வளர்ப்பு வீடு மட்டுமே. பிறந்தகம் செங்கடலுக்கு மறுகரையில், எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில் இருக்கிறது. ஓங்கி வளர்ந்த விருட்சங்களின் நிழலில், மனிதர் எவரும் நட்டு வளர்க்காமல், காப்பி அங்கே இன்றும் காட்டுச் செடியாகவே நிற்கிறது. ரோபஸ்டா என்று நாம் அழைக்கும் ஜாதியும், யூஜினியாய்டிஸ் என்ற இன்னொரு காட்டு ஜாதியும் மிகப் பழங்காலத்தில் தற்செயலாகக் கலந்து பிறந்த குழந்தை அராபிகா. மற்றக் காப்பி ஜாதிகளில் ஒவ்வோர் உயிரணுவிலும் 22 நிறப்புரிகள் இருக்க, இதில் மட்டும் தாய்வழியும் தந்தைவழியும் முழுமையாகச் சேர்ந்து 44 இருக்கின்றன. மற்றவை பெரும்பாலும் வேறொரு மரத்தின் மகரந்தம் வந்தாலன்றிக் காய்க்க மாட்டா. இதுவோ தன் மகரந்தத்தைக் கொண்டே தன்னைக் கருவுறச் செய்துகொள்ளும். தனித்து ஒரே ஒரு செடியாக எந்தத் தீவில் கொண்டுபோய் நட்டாலும் காய்க்க வல்லது என்பதே அதன் திக்விஜயத்துக்குக் காரணமாயிற்று. அதே குணம் பின்னால் அதற்குப் பெருங்கேடாகவும் முடிந்தது.

ஆட்டிடையன் ஒருவன், தன் ஆடுகள் ஏதோ சிவந்த பழத்தைத் தின்றுவிட்டு இரவெல்லாம் உறங்காமல் துள்ளியதைக் கண்டு காப்பியின் மகிமையை அறிந்தான் என்ற கதையைக் கேள்விப்படாதவர் இல்லை. அந்தக் கதை அச்சேறியது 1671-இல், ரோமாபுரியில், பாஸ்டஸ் நைரோன் என்ற பண்டிதர் லத்தீனில் எழுதிய சிறு நூலில். அதில் அந்த இடையனுக்குப் பெயர்கூடக் கிடையாது. 'கால்தி' என்ற பெயரைப் பிற்காலத்தார் சூட்டினார்கள். நம்பத்தகுந்த சரித்திரம் பதினைந்தாம் நூற்றாண்டின் ஏமனில் ஆரம்பமாகிறது. அங்கே சூபி ஞானிகள் இரவு முழுவதும் இறைநாமத்தை ஜபித்துக் கண் விழித்திருக்க இந்தப் பானத்தைத் துணையாகக் கொண்டார்கள். முன்னாளில் திராட்சை மதுவுக்கு வழங்கிய 'கஹ்வா' என்ற பெயர் இதற்கு வந்து சேர்ந்தது. அது துருக்கியர் வாயிலும் ஐரோப்பியர் வாயிலும் புகுந்து புறப்பட்டு நம்மிடம் 'காப்பி'யாகவும், யாழ்ப்பாணத்தாரிடம் 'கோப்பி'யாகவும் நிலைபெற்றது. 1511-இல் மக்காவில் அதிகாரம் செலுத்திய காயிர் பேக், பண்டிதர்களைக் கூட்டி, இது மதிமயக்கும் வஸ்து என்று தீர்ப்பு வாங்கி, மூட்டை மூட்டையாகக் கொட்டையைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையை முழுமையாக ஆதரிக்காததால் அது நிலைக்கவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அல்ஜஸீரி என்ற அறிஞர் காப்பி தர்மசம்மதமானதே என்று நிறுவ எழுதிய நூலின் மூலமாகத்தான் இந்தச் செய்திகளை நாம் அறிகிறோம். ஒரு பானத்துக்காக இவ்வளவு சிரத்தையோடு வாதாடிய நூல் வேறு எந்த மொழியிலாவது அவ்வளவு பழமையாக இருக்கிறதா என்பது சந்தேகம்.

உலகத்துக்கெல்லாம் காப்பி வழங்கும் ஒரே துறைமுகமாக ஏமனின் மோக்கா சுமார் நூறாண்டு காலம் செழித்தது. அந்த ஏகபோகத்தைக் காக்கும் பொருட்டு, முளைக்கும் சக்தியுள்ள விதை எதையும் வெளியே விடாமல், கொதிநீரிலிட்டோ வறுத்தோதான் அரேபியர் விற்றார்கள் என்று சொல்லுவதுண்டு. இதை நான் அப்படியே ஏற்பதில்லை; இயற்கையே அதற்குப் பாதியளவு காவல் வைத்திருக்கிறது. நெல்லையும் கேழ்வரகையும் குதிரில் கொட்டி வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம். காப்பி விதையோ உலர உலர உயிர் ஒடுங்கி, சில மாதங்களுக்குள் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும் இயல்புடையது. மோக்காவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும் கொட்டை, யாரும் கொதிக்க வைக்காமலே செத்துப்போயிருக்கும். காற்று அனுகூலமாக இருந்தால் சில வாரங்களில் எட்டிவிடக் கூடிய நமது மேற்குக் கரைக்கு மட்டும் அது உயிரோடு வந்து சேரும். பாபா புதான் என்ற பக்தர் அவ்வாறு விதை கொண்டுவந்தார் என்ற கதைக்கு ஆவணம் எதுவும் கிடையாது என்றாலும், அது நடந்திருக்கக் கூடியதே என்று எனக்குத் தோன்றுவது இந்தக் காரணத்தால்தான்.

பதினேழாம் நூற்றாண்டில் மைசூர்ப் பிரதேசத்திலிருந்து ஹஜ் யாத்திரை சென்ற அந்தப் பெரியவர், திரும்பும் வழியில் ஏமனில் ஏழு காப்பி விதைகளைத் தம் உடம்போடு மறைத்து எடுத்து வந்து, சிக்மகளூருக்கு மேலுள்ள சந்திரகிரி மலையில், தம் குகையின் அருகே விதைத்தார் என்பது கர்ண பரம்பரை. ஏழு என்ற எண் அவர் சமயத்தில் புனிதமானது; ஆகவே எண்ணிக்கை பக்தியினால் வந்ததோ, உண்மையில் அத்தனைதானோ, இனி யாராலும் சொல்ல முடியாது. மலைத்தொடர் முழுவதும் அவர் பெயரையே இன்று தாங்கி நிற்கிறது. அந்தக் குகையைத் தத்தாத்ரேயர் பீடம் என்று ஹிந்துக்களும், தர்கா என்று முஸ்லிம்களும் தொழுது வந்திருக்கிறார்கள்.

இவ்வாறு வேரூன்றி மலையாளக் கரைக்கும் பரவிய காப்பியின் மீது டச்சுக்காரரின் கண் விழுந்தது. 1696-இல் கண்ணனூர்ப் பக்கத்திலிருந்து ஜாவாவுக்குக் கன்றுகளை அனுப்பினார்கள். அவை வெள்ளத்தில் அழிந்தன. 1699-இல் மறுபடியும் மலபாரிலிருந்தே தருவித்து நட்டவை பிழைத்தன. ஜாவாத் தோட்டங்களிலிருந்து 1706-இல் ஒரு செடி ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குக் கப்பலேறியது. ஐரோப்பாவின் குளிரில், கண்ணாடி வீட்டுக்குள், தீயின் வெம்மையில் பேணப்பட்ட அந்த ஒரே செடியின் விதைகளே பிறகு பல ராஜ்யங்களுக்குப் பிரிந்து சென்றன. ஆம்ஸ்டர்டாம் நகர அதிகாரிகள் 1714-இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கு, ஐந்தடி உயரமுள்ள, காயும் பழமுமாக நின்ற ஒரு கன்றைக் காணிக்கையாக அளித்தார்கள். அது பாரிஸில் மன்னரின் தாவரத் தோட்டத்தில் ராஜோபசாரத்துடன் வளர்க்கப்பட்டது.

இனி வருவது இந்த வம்சத்தின் மிகப் பிரசித்தமான அத்தியாயம். மார்ட்டினிக் தீவில் காலாட்படைத் தலைவராயிருந்த டி க்ளியு என்ற பிரபு, விடுமுறையில் தாய்நாடாகிய பிரான்ஸுக்கு வந்தபோது, தம் தீவிலும் காப்பி விளையாதா என்ற எண்ணத்தால் ஆட்கொள்ளப்பட்டார். ராஜாவின் தோட்டத்திலிருந்து யாருக்கும் கன்று கொடுப்பதில்லை. அரண்மனை வைத்தியருக்கோ அங்கே அதிகாரம் உண்டு. அந்த வைத்தியரால் மறுக்க முடியாத ஓர் உயர்குலத்துச் சீமாட்டியின் சிபாரிசைப் பிடித்து, டி க்ளியு ஒரு கன்றைப் பெற்றுவிட்டார். 1723-ஆம் ஆண்டளவில் அதைக் கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறினார். வழியில் பட்ட பாட்டை முதிர்ந்த வயதில் அவரே ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். சக பிரயாணி ஒருவன் பொறாமையால் செடியைப் பிடுங்கப் பார்த்து ஒரு கிளையை ஒடித்துவிட்டான், கடற்கொள்ளைக்காரர் துரத்தினார்கள், புயல் அடித்தது, பிறகு காற்றே இல்லாமல் கப்பல் அசையாது நின்றுவிட, குடிநீர் அருகிப்போய், ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றத் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல், தம் பங்குக்குக் கிடைத்த சொற்ப நீரை அந்தச் செடியோடு பகிர்ந்துகொண்டு, தாமும் தாகத்தோடிருந்து அதைப் பிழைப்பித்ததாக டி க்ளியு எழுதுகிறார். கரை சேர்ந்ததும் தம் நிலத்தில் நட்டு, சுற்றிலும் முள்வேலி வைத்து, காவலும் போட்டு வளர்த்தார். முதல் மகசூல் இரண்டு பவுண்டு. அதை அவர் விற்கவில்லை, தீவிலுள்ளவர்களுக்கு விதையாகப் பங்கிட்டுக் கொடுத்தார். சில ஆண்டுகளில் மார்ட்டினிக்கின் கொக்கோ மரங்கள் இயற்கைச் சீற்றத்தால் அழிந்துபோக, எல்லோரும் காப்பிக்கு மாறினார்கள். 1777-ஆம் ஆண்டின் கணக்குப்படி அந்தத் தீவில் நின்ற காப்பி மரங்கள் 1 கோடியே 87 லட்சத்துக்கு மேல்.

அமெரிக்கக் கண்டத்துக்குக் காப்பியை முதன்முதலில் கொண்டுவந்தவர் டி க்ளியு என்று சிலர் எழுதுவது சரியாகாது. அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே டச்சுக்காரர் சூரினாமில் பயிரிட்டிருந்தார்கள். ஆயினும் தமக்கென்று அளந்து கொடுத்த நீரை ஒரு செடிக்கு ஊற்றியவரின் புகழை இதனால் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரேசிலுக்குக் காப்பி வந்த கதையும் இத்தகையதே: எல்லைத் தகராறு ஒன்றின் நிமித்தம் 1727-இல் பிரெஞ்சு கயானாவுக்குச் சென்ற பல்ஹேட்டா என்ற போர்த்துகீசிய அதிகாரிக்கு, பிரெஞ்சு கவர்னரின் மனைவி விடைகொடுக்கும்போது அளித்த பூச்செண்டுக்குள் காப்பி விதைகளையும் ஒளித்து வைத்திருந்தாள் என்பார்கள். பூச்செண்டு கற்பனையாயிருக்கலாம், அந்த ஆண்டில் அவர் கொண்டுவந்த விதைகள் பாரா மாகாணத்தில் முளைத்தது கற்பனை ஆகாது. இவற்றினின்றும் வேறாக, பிரெஞ்சுக்காரர் 1715-இல் ஏமனிலிருந்து நேரடியாகக் கொண்டுபோய்ப் பூர்பன் தீவில் நட்டு, அவற்றில் தப்பிப் பிழைத்த மிகச் சில மரங்களிலிருந்து இன்னொரு கிளை வம்சம் உண்டாயிற்று. உலகத்தின் அராபிகாத் தோட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கிளைகளுக்குள் அடங்கிவிடும்.

செடியைக் கொண்டுவந்தவர்களின் பெயர்களைச் சரித்திரம் அருமையாகப் போற்றி வைத்திருக்கிறது. காட்டை வெட்டி, குழி தோண்டி, பழம் பறித்தவர்களின் பெயர்களை அது எழுதி வைக்கவில்லை. 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பின்னால் ஹெயிட்டி என்ற சுதந்திர தேசத்தை நிறுவிய ஸான் தொமிங்கு தீவு, அந்தக் கிளர்ச்சிக்கு முந்தைய ஆண்டுகளில் உலகக் காப்பியில் ஏறத்தாழப் பாதியை விளைவித்தது. அங்கே கரும்பிலும் காப்பியிலும் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகள் சுமார் ஐந்து லட்சம் பேர். பிரேசில் தன் தோட்டங்களிலிருந்து அடிமைத்தனத்தை ஒழித்தது 1888-இல்தான். அராபிகாவின் வம்சாவளியை எழுதுகிறவன் இந்த வரிகளை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்க்கணக்காகும்.

இப்போது நமக்கு மிக நெருங்கிய அத்தியாயத்துக்கு வருகிறோம். இலங்கையில் காப்பிச் செடி முன்பே இருந்தது; ஆனால் சிங்கள மக்கள் அதைப் பானமாக்க அறியாமல், தளிர் இலையைக் கறிக்கும், மல்லிகையை ஒத்த அதன் வெண்பூவைப் புத்தர் சந்நிதிக்கும் பயன்படுத்தி வந்தார்கள். 1815-இல் கண்டி ராஜ்யம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1830-களில் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளுக்கு விடுதலை வந்து அங்கே காப்பி விளைச்சல் சரிந்த அதே சமயத்தில், இலங்கைக் காப்பிக்கு இங்கிலாந்தில் விதித்திருந்த அதிக வரியும் நீங்கியது. உடனே கண்டிச் சீமைக் காடுகள் ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. சிப்பாயும் பாதிரியும் கவர்ன்மெண்டு உத்தியோகஸ்தரும் தோட்ட முதலாளிகளானார்கள். மலைமுகடு வரையில் மரங்களை வீழ்த்திக் கொளுத்தி, அந்தச் சாம்பலில் காப்பியை வரிசை வரிசையாக நட்டார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867-இல் ரயில் ஓடத் தொடங்கியதே காப்பி மூட்டைகளைக் கருதித்தான். உச்ச காலமாகிய 1870-களில் அந்தத் தீவு ஆண்டுக்குச் சுமார் பத்துக் கோடி பவுண்டு காப்பியை ஏற்றுமதி செய்தது. காப்பி நின்ற நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர்.

இந்த ஏக்கர்களில் பழம் பறித்த விரல்கள் தமிழ் விரல்கள். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து, முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகப் புறப்பட்டார்கள். தொண்டியிலோ இராமேசுவரத்திலோ தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரையில் நூறு மைலுக்கு மேல், தண்ணீரில்லாத காடுகளின் வழியே நடந்தார்கள். காலராவும் மலைக்காய்ச்சலும் அந்தப் பாதையில் அவர்களுக்காகக் காத்திருந்தன. நடக்க முடியாதவர்கள் பாதையோரத்தில் விடப்பட்டார்கள். மலையேறிய பிறகு லயத்து அறைகளின் குளிர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம். வாங்கிய முன்பணம் வட்டியோடு கழியாத பற்றுக் கணக்கு. இருந்தும் அக்காலத்துப் பயணத்தில் ஓர் ஆறுதல் இருந்தது: காப்பிக்குப் பெருந்திரளான ஆள் தேவைப்படுவது பழம் பழுக்கும் சில மாதங்களுக்கே. பறிப்பு முடிந்ததும் உயிரோடு மிஞ்சியவர்கள் கூலியை மடியில் முடிந்துகொண்டு, வந்த வழியே நடந்து, தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள். அடுத்த பருவத்துக்கு மறுபடி வந்தார்கள்.

1869-இல் ஊவாப் பகுதியைச் சேர்ந்த மடுல்சீமைத் தோட்டமொன்றில், சில காப்பி இலைகளின் அடிப்புறத்தில், மஞ்சள் கலந்த செந்நிறப் பொடி திட்டுத் திட்டாகப் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பூஞ்சை சாஸ்திரி அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். பின்பாதிக்குப் 'பாழாக்குவது' என்பது பொருள். வந்த வேகத்தில் மரத்தைக் கொல்லாமல், இலையை உதிர்த்து உதிர்த்து ஆண்டுக்காண்டு மரத்தைச் சோரச் செய்யும் நோய் அது. விளைச்சல் குறையக் குறையச் சந்தையில் காப்பி விலை ஏறியதால், துரைமார் நோயைப் பொருட்படுத்தாமல் மேலும் மேலும் காட்டை அழித்துப் புதிய நிலங்களில் நட்டார்கள். மழை அதிகம் என்றார்கள். எரு போதவில்லை என்றார்கள். கந்தகமும் சுண்ணாம்பும் தூவினார்கள்.

1880-இல் அரசாங்கம் இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை வரவழைத்தது. இருபத்தைந்து வயதைச் சற்றே தாண்டியிருந்த அவர், கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களின் நடுவே காற்றுப்படும் இடங்களில் வைத்து, அவற்றில் வந்து ஒட்டிய தூளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நோய் மண்ணிலிருந்தோ மழையிலிருந்தோ வருவதன்று, காற்றில் பறக்கும் நுண்ணிய வித்துக்களால் இலைக்கு இலை, மலைக்கு மலை தாவுகிறது என்று நிரூபித்தார். இடையில் மரச்சோலையே இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிரை நெருக்கி நட்டதே அந்தப் பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலாயிற்று என்றும் எச்சரித்தார். மருந்து கொடுப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் உண்மையைக் கொடுத்தார். அதை அவர்கள் விரும்பவில்லை. இந்த விருத்தாந்தம் முழுவதிலும் என் மரியாதையை அதிகமாகப் பெறுகிறவர் அந்த இளைஞரே. 1884 மே மாதம், தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு கதவை மூடியது. பட்டுப்போன காப்பி மரங்களின் தண்டுகளைப் பட்டை சீவிக் கப்பலேற்றி, இங்கிலாந்தில் தேயிலை மேஜைகளுக்குக் கால்களாக விற்றார்கள் என்று அக்காலத்துக் குறிப்புக்கள் கூறுகின்றன.

தேயிலை ஏற்கெனவே காத்திருந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதைப் பயிரிட்டிருந்தார். நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரந்தோறும், ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். ஆகவே கூலிக்கு வந்தவர்கள் இனித் திரும்பிப் போவதற்கில்லை என்றாயிற்று. குடும்பம் குடும்பமாக லயங்களில் நிலைத்து, அங்கேயே பிறந்து, அங்கேயே மாண்டு, ஒரு தனிச் சமூகமானார்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, தலைமுறைகள் போராடி அந்த உரிமையைத் திரும்பப் பெற்ற மலையகத் தமிழர், காப்பி இலையின் அடிப்புறத்தில் படிந்த அந்தச் செந்தூளின் விளைவாகவும் அங்கே நிலைத்தவர்கள் என்பதை நினைக்கும்போது, கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்கத் தோன்றுகிறது.

அந்தப் பூஞ்சைக்கு அத்தனை வலிமை ஏன் வந்தது என்பது பின்னால்தான் நன்கு விளங்கிற்று. தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும் மரம். அதிலும் விரல்விட்டு எண்ணத்தக்க சில செடிகளின் வம்சம். ஆகவே ஒரு மரத்தை வீழ்த்தத் தெரிந்த நோய்க்கு எல்லா மரமும் ஒன்றே. எத்தியோப்பியக் காட்டில் அதே பூஞ்சை உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு செடியும் குணத்தில் சற்றே வேறுபட்டு, நிழலிலும் பிற மரங்களுக்கிடையிலும் சிதறி நிற்பதால், நோய் வருகிறது, இருக்கிறது, ஆனால் அழிப்பதில்லை. ஏமனிலிருந்து செடி வெளியேறியபோது அந்தப் பல்வகைமை கூட வரவில்லை.

நிவர்த்தி தேடியவர்கள், வேறு ஜாதிகளிலும், நோயைத் தாங்கி நின்ற மரங்களிலும் வழி கண்டார்கள். ஜாவாவில் 1900-ஐ ஒட்டி, நோயைத் தாங்கும் ரோபஸ்டாவைக் கொண்டுவந்தார்கள். மைசூர்ச் சீமையில் கென்ட் என்ற தோட்டக்காரர் 1911-இல், நோய் கண்ட தோட்டத்தின் நடுவே பசுமை மாறாது நின்ற ஒரு மரத்தைக் கண்டுபிடித்து அதன் விதையைப் பரப்பினார். 1925-இல் பத்ரா நதிக்கரையில் பாலேஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பாபா புதான் மலை இருக்கும் அதே சிக்மகளூர் ஜில்லாவில்தான் அந்த ஊரும் இருக்கிறது. லைபீரிகா என்ற ஆப்பிரிக்க ஜாதியின் குணம் தற்செயலாகக் கலந்த ஓர் அராபிகாவையும், கென்ட் பொறுக்கிய மரத்தின் சந்ததியையும் இணைத்து, அங்கே 1940-களில் உருவாக்கிய எஸ்.795 என்ற வகை, சுவையும் குன்றாமல் நோயையும் பல்லாண்டு தாங்கி, தென்னாட்டுத் தோட்டங்களில் பரவிற்று. நம்மில் பலர் பிளான்டேஷன் ஏ என்று வாங்கி வருவதில் அதன் கொட்டையும் சேர்ந்திருக்கும். ஆனால் பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. புதுப்புது உருவெடுத்து, ஒருகாலத்தில் தோற்ற மரத்தையே மறுபடி வெல்லக் கற்றுக்கொள்கிறது. 1970-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி பிரேசிலில் தோன்றியது. 2012-இல் மத்திய அமெரிக்க நாடுகளின் தோட்டங்களைச் சூறையாடி, ஏழைக் குடியானவர் பலரை ஊரைவிட்டு ஓட்டியது.

இன்று ஆராய்ச்சியாளர் மறுபடியும் பிறந்தகத்தின் வாசலில் போய் நிற்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் பிற இடங்களிலுமாக அறியப்பட்ட 124 காட்டுக் காப்பி ஜாதிகளில் குறைந்தது அறுபது சதவீதம் அழியும் அபாயத்தில் இருப்பதாக, இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்து அறிஞர்கள் 2019-இல் கணக்கிட்டார்கள். காட்டு அராபிகாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நெல்லையும் கோதுமையையும் போலக் காப்பி விதையை உலர்த்திக் குளிரறையில் வைத்துத் தலைமுறைக்கணக்கில் காக்கவும் வழியில்லை. முன்னே சொன்ன அற்பாயுள்தான் காரணம். ஆகவே எத்தியோப்பியாவில், ஜிம்மா நகரத்துக்கு அருகே, சோச்சே என்ற இடத்தில், காடுதோறும் தேடிச் சேகரித்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளை மரங்களாகவே நட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் களை எடுத்து, நிழல் பார்த்து, மூப்படைந்து பட்டுப்போகுமுன் அதன் கன்றை எழுப்பி நட வேண்டியிருக்கிறது. முன்னொரு காலத்தில் அசையாது நின்ற கப்பலின் தளத்தில் ஒருவர் தம் குடிநீரில் ஒரு பங்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊற்றினாரே, அந்த வேலைதான் அங்கே ஐயாயிரம் செடிகளுக்கு நடந்துகொண்டிருக்கிறது.